கறிச் சத்து, பழச் சத்து

வைட்டமின் சி மாத்திரை புளிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சளி பிடித்த பிள்ளைகளுக்கு மிட்டாய் போலக் கொடுக்கிறோம். அமினோ அமில மாத்திரை எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் பலருக்குச் சொல்லத் தெரியாது. அது கசக்கும். மேலே உள்ள மஞ்சள் பூச்சு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பூச்சு கரைந்ததும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு இறங்கும், தண்ணீர் குடித்தாலும் போகாது. நான் இரண்டையும் தின்று பார்த்திருக்கிறேன், டாக்டர். அவருக்குக் கொடுப்பது எதுவானாலும் முதலில் நான் ருசி பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான்.

போன வாரம் நீங்கள் எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் கேட்டீர்கள். வீட்டில் அவருக்கு என்னதான் கொடுத்தீர்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்று. நான் கஞ்சி, சுரைக்காய், ரசம், பீர்க்கங்காய் என்று சொன்னேன். அது பொய்யில்லை, பாதி பதில். மீதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவர் கீழே ரத்தம் சுத்திகரிக்கும் மிஷினில் படுத்திருக்கிறார். ரத்தம் ஓடத் தொடங்கியதும் தூங்கிவிடுவார். எழுந்தால் என்னைத் தேடுவார். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

பெல்சி என்ற என் பெயர் உங்கள் ஃபைலிலேயே இருக்கும். காரைக்குடியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். அதில் உயிரியல் மூலக்கூறுகள் என்று ஒரு பாடம் உண்டு. அமினோ அமிலமும் வைட்டமினும் அடுத்தடுத்து வரும். பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். நான் வீடு கட்டுவதை வைத்துச் சொல்வேன். அமினோ அமிலம் செங்கல் மாதிரி, அதை அடுக்கித்தான் உடம்பு. வைட்டமின் சி செங்கல் இல்லை, கலவைக்கு ஊற்றும் தண்ணீர். கொஞ்சம் போதும், அதிகம் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். அதனாலேயே அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. செக்காலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் சேதுபதி அண்ணன்கூட, “அது என்னா பண்ணப் போகுது டீச்சர், கூடிப்போனா ஒண்ணுக்குல போயிரும்” என்பார்.

போகும், போகிற வழி சரியாக இருந்தால். வழி அடைபட்டவர்களுக்கு அது உள்ளேயே தங்கி ஆக்சாலிக் அமிலமாக மாறும். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து ஊசி ஊசியாகச் சிறுநீரகத்தில் படியும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. தெரியாமல் செய்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆக்சாலிக் அமிலக் கரைசல் எங்கள் செய்முறைத் தேர்விலேயே உண்டு. வருடந்தோறும் அதைப் பிள்ளைகள் கையில் எடுத்துக் கொடுப்பவள் நான்தான். இந்த வருடம் மட்டும் அதை வேறு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அவரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அந்தோணி பிரபு நல்லவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கத்தாரில் ஒரு ஏசி கம்பெனியில் மேற்பார்வையாளர். கல்யாணம் முடிந்த மாதமே போனார். பிறகு லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், சொந்தக்காரர்களைப் பார்ப்பார், பெட்டியைக் கட்டுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் சத்தியப்பிரியா என்று ஒரு பெண். அவளும் அவள் புருஷனும் தினமும் சண்டை போடுவார்கள். சாம்பாரில் உப்பு, செருப்பு வைத்த இடம், டிவி சத்தம், எதுவானாலும் சண்டைதான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமையாக இருக்கும். எனக்குச் சண்டை போடக்கூட ஆள் ஃபோனில்தான். சண்டை சூடு பிடிப்பதற்குள் அவருக்கு டியூட்டி வந்துவிடும்.

போன வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் அவருடைய கம்பெனி மெடிக்கலில் கிரியாட்டினின் கூடியிருப்பது தெரிந்து, லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காரைக்குடி டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பாதிக்கு மேல் சோர்ந்துவிட்டது, ஆனால் கவனமாக இருந்தால் பல வருடம் தள்ளலாம் என்றார். பருப்பு, கறி, முட்டை எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். குறைத்ததை ஈடுகட்ட அந்த அமினோ மாத்திரை. “இது சும்மா டானிக் இல்லம்மா, இவருக்கு இதான் சோறு. விட்ராதீங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் விடவில்லை. வேளை தவறாமல் கொடுத்தேன். அந்த மாதங்களில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் டீச்சர் வெளுத்துவிட்டாள், அழகாகிவிட்டாள் என்றார்கள். புருஷனுக்கு நோய் வந்த வீட்டில் பெண்டாட்டி அழகாகிறாள் என்றால் அன்றைக்கே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பள்ளிவிட்டு வந்தால் வாசலில் அவர் இருப்பார். ஸ்கூட்டரை வாங்கி உள்ளே ஏற்றுவார். அப்பளம் பொரிக்கக் கற்றுக்கொண்டார், பாதியைக் கருக்குவார். நான் குறட்டை விடுகிறேன் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“ஏம் பெல்சி, இத்தன வருசமா சொல்லவே இல்லையே.”

“எனக்கெப்படித் தெரியும். பக்கத்துல படுத்தவுக சொல்லணும்.”

அவர் சிரித்தார். ஆனால் அவர் கைக்கடிகாரம் மட்டும் கத்தார் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால், “இப்ப அங்க பயலுக டீக்கு எந்திரிப்பானுக” என்பார். நான் பரிமாறிக்கொண்டே இருப்பேன்.

பிப்ரவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். வீட்டம்மா நல்லாப் பாத்துக்கிறாங்க என்று பாராட்டினார். இவர் வெளியே வந்து அங்கேயே நின்று கம்பெனிக்குப் பேசினார். ஈஸ்டர் முடிந்து வா, மெடிக்கல் மட்டும் மறுபடி எடுத்துக்கொள்வோம், இடம் அப்படியே இருக்கிறது என்றார்கள். வரும் வழியில் எனக்கு மல்லிகைப் பூ வாங்கிக் கொடுத்தார்.

“ஈஸ்டர் முடிஞ்சதும் கிளம்பிருவேன் பெல்சி. ஒனக்குத்தான் பெரிய தொந்தரவு குடுத்துட்டேன்.”

“அதெல்லாம் இல்லங்க.”

நான் கவனித்துக் கவனித்து அவரைத் தேற்றியது அவரை வழியனுப்பத்தான் என்று பூவைத் தலையில் வைக்கும்போது தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. திட்டம் எதுவும் அன்று என்னிடம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் தவக்காலம் கடுமையாக இருக்கும். என் மாமியார் சந்தனமேரி அந்த விஷயத்தில் பங்குச் சாமியாரையே கேள்வி கேட்பவர். சாம்பல் புதனுக்கு முந்தின நாளே கறிச் சட்டிகளைத் துலக்கிப் பரணில் ஏற்றிவிடுவார். ஈஸ்டர் வரை கறி, மீன், முட்டை எதுவும் வாசல் தாண்டக் கூடாது. கறிக்கு வைத்த கரண்டியை ரசத்தில் போட்டால்கூட அந்த ரசத்தைக் கொட்டிவிடுவார். தன் உடம்பு தேறியதற்கு நன்றியாக இந்த முறை முழுத் தவசு இருப்பதாக என் புருஷனும் மாதாவிடம் நேர்ந்திருந்தார். கத்தாரில் கிடைத்ததைத் தின்றுதானே இத்தனை வருடம் ஓடியது, அதற்கும் சேர்த்து என்றார்.

சாம்பல் புதன் பூசை முடிந்து வந்து, நெற்றியில் சாம்பலோடு சாப்பிட உட்கார்ந்தோம். மாத்திரை அட்டையை எடுத்தவர் நிறுத்திவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பெல்சி, இங்குட்டு வா. இத எதுல இருந்து எடுக்கிறான்?”

“ஏங்க?”

“சத்து மாத்திரைங்கிறாக. என்னா சத்துன்னு இத்தன நாளாக் கேக்கவே இல்ல பாரு.”

அத்தை முந்திக்கொண்டார். “நல்லாக் கேளுய்யா. எங்கக்கா மகன் ஜிம்முக்குப் போறேன்னு ஒரு டப்பாவ வாங்கித் தின்டானே, அதுலயும் இதே அமினோன்னுதான் போட்டிருந்துச்சு. மாட்டுல இருந்து எடுக்கிறதாம்.”

“அது முட்டையா இருக்கும்மா.”

“எதுவா இருந்தா என்னய்யா. மூக்கும் முழியும் உள்ளதுதான.”

“முட்டைக்கு ஏதும்மா மூக்கு?”

“பொறிச்சா வரும்ல.”

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டில் படித்தவள் நான்தான், தீர்ப்பு நான்தான் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை கறியில் இருந்து வருவதில்லை, டாக்டர். தொழிற்சாலையில் வேதிப்பொருளில் செய்வது. அட்டையைப் பார்க்காமலே எனக்கு அது தெரியும். நான் சொன்னது இதுதான்:

“அமினோ அமிலம்னா புரதங்க. கறி, முட்டை, மீன் இதுல உள்ள சத்துதான் அது.”

பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பருப்பு என்ற ஒரு சொல்லும் அதில் இருக்கிறது, வகுப்பில் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். அன்று பருப்பை விட்டுவிட்டேன். நான் செய்தது என்ன என்று யாராவது கேட்டால், முதலில் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன்.

அவர் அட்டையைக் கீழே வைத்தார். “அப்ப ஈஸ்டர் வரைக்கும் வேணாம்.”

“டாக்டரக் கேட்டுக்கிருவமாங்க?”

“கேட்டா திங்கத்தான் சொல்வாரு. அவரு இந்து, அவருக்குத் தவசு தெரியுமா.”

கேட்கக் கூடாது என்பார் என்று தெரிந்தே கேட்டேன். கேட்டதால் என் மனம் சமாதானம் ஆகிவிட்டது. மனம் அவ்வளவு லேசில் சமாதானம் ஆகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வார ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார், நோயாளிகளுக்கு ஒறுத்தல் கட்டாயமில்லை, மருந்து மருந்துதான், அதை விடுவது புண்ணியமல்ல என்று. ஆண்கள் பக்கத்தில் இருந்த அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “சாமி சொன்னாரேங்க” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெயில் ஏறுகிறது, சீக்கிரம் போவோம் என்று சொன்னேன்.

சில நாளில் அவருக்குச் சோர்வு தெரிந்தது. உணவில் புரதம் குறைவு, மாத்திரையும் இல்லை. தெரியாமல் என்ன செய்யும்? அவரே கேட்டார்.

“தெம்புக்கு வேற ஏதாச்சும் இல்லையா பெல்சி? கறிச் சத்து இல்லாம, பழச் சத்து மாதிரி?”

நீங்கள் நம்பினால் நம்புங்கள், பழச் சத்து என்ற பேச்சை அவர்தான் எடுத்தார். வைட்டமின் சி என்றேன். நெல்லிக்காயில் உள்ளது, எலுமிச்சையில் உள்ளது, தவசுக்குப் பொருந்தும் என்றேன். அத்தைக்கு ஏக சந்தோஷம். “அதக் குடு ஆத்தா. எம்புட்டு வேணாலும் குடு” என்றார். காய்ச்சல் காலத்தில் ஊரே அதை வாங்கித் தின்றது, டாக்டர். எங்கள் தெருவில் மாத்திரை அட்டை இல்லாத வீடு இல்லை. அதைக் கொடுக்க யாருக்குப் பயம் வரும்?

சேதுபதி அண்ணன் கடையில் வாங்கினேன். எல்லாவற்றையும் அவர் கடையிலேயே வாங்கினால் ஏன் இவ்வளவு என்று கேட்பார் என்று புதுவயல் பக்கம் இன்னொரு கடையிலும் வாங்கினேன். உங்களுக்கு அளவு வேண்டுமென்றால் தனியாகச் சொல்கிறேன். அட்டையில் போட்டிருப்பதைவிட மிக அதிகம் என்பது போதும் இப்போதைக்கு. பானைத் தண்ணீரில் கரைத்து, சர்க்கரை போட்டு, நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வழி சரியாக இருக்கிறது.

அந்த நாட்களில் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான். மெடிக்கலில் ஒரு எண் கொஞ்சம் கூட வேண்டும். அவ்வளவே. கம்பெனிக்காரன் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு மட்டும். அவன் வேண்டாம் என்று சொன்ன மறுநாள் எல்லாவற்றையும் நிறுத்தி, மறுபடி மஞ்சள் மாத்திரையைக் கொடுத்து, பழையபடி தேற்றிவிடுவேன். பிப்ரவரியில் தேற்றியவள் நான்தானே.

கால் வீங்கியது. விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். வெயில் என்று சொன்னேன். அத்தை, தவசுக் களைப்பு, ஆண்டவர் பார்க்கிறார் என்றார். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் சிலுவையைச் சுமக்க ஆண்கள் முறை வைத்து நிற்பார்கள். அவரும் நின்றார். நான் பின்னால் ஜெபப் புத்தகத்தோடு நடந்தேன். தோளில் மரம் ஏறியதும் அவர் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. அரியக்குடியில் இருந்து வந்திருந்த ஒருவர் பார்த்துவிட்டு, “அண்ணே, குடுங்க இங்குட்டு, மூச்சு வாங்குது ஒங்களுக்கு” என்று சிலுவையை வாங்கிக்கொண்டார். யாரோ ஒருவருக்குத் தெரிந்தது. நான் பாட்டை விடாமல் பாடிக்கொண்டு போனேன்.

ஈஸ்டர் அன்று பரணில் இருந்து சட்டி இறங்கியது. கறி கொதிக்கிற வாசம் வந்ததும் அவர் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். காரைக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றே மிஷின் வைத்தார்கள். என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார்கள். தவசுக்காக அமினோ மாத்திரையை விட்டுவிட்டதை அவரே அழுதுகொண்டு சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பழச் சத்தை அவர் சொல்லவில்லை. மறைக்கவில்லை, மருந்து என்ன என்று கேட்டால் பழத்தை யாராவது சொல்வார்களா? நானும் சொல்லவில்லை. பழியை மாதாவுக்கு நேர்ந்த நேர்ச்சையின் மேல் போட்டுவிட்டு எல்லோரும் அழுதோம். அத்தை அன்றிலிருந்து ஜெபமாலையைத் தொடுவதில்லை. அவருக்கு இப்போது மாதாவோடு பேச்சில்லை. அதுவும் என் கணக்கில்தான் வரும்.

இது வரைக்கும் கேட்டால் ஒரு முட்டாள் பெண்ணின் கதை மாதிரித்தான் இருக்கும். இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். ஆனால் நீங்கள் சிறுநீரகத்தில் எடுத்த சதைப் பரிசோதனையில் அந்த ஊசிப் படிகங்கள் புதிதாகவும் இருக்கின்றன என்று சொன்னீர்களே.

மிஷின் வைத்துச் சில வாரம் கழித்து அவருக்குச் சிறுநீர் திரும்பி வரத் தொடங்கியது. காரைக்குடி டாக்டர் வந்து தோளைத் தட்டினார். முழுக்கச் சரியாகாவிட்டாலும் மிஷின் இல்லாமல் இருக்கலாம், நம்பிக்கையாக இருங்கள் என்றார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, “கம்பெனிக்கு ஒரு வார்த்த சொல்லி வச்சிரவா பெல்சி? எடத்த வேற ஆளுக்குக் குடுத்துறப் போறானுக” என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, டாக்டர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். புளியைப் பாதியாகக் குறைத்தேன். சூட்டில் போட்டால் வைட்டமின் சி கெட்டுவிடும், ஆகவே ரசம் ஆறிய பிறகு பொடி செய்து கலந்தேன். நான் ருசி பார்த்தேன். நன்றாக இருந்தது. அவருக்கும் பிடித்துவிட்டது. “இப்பல்லாம் ஒன் ரசம் தனியா இருக்கு” என்று கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பார். சிறுநீர் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி நின்றது. தவக்காலத்தில் அவர் கேட்டு நான் கொடுத்தேன். இது அவருக்குத் தெரியாமல் நான் கொடுத்தது. முதலாவதை நான் தவறு என்று சொல்லலாம். இரண்டாவதற்கு நான் தேடிப் பார்த்தும் வேறு பெயர் கிடைக்கவில்லை.

அதே நேரம் அமினோ மாத்திரையையும் விடவில்லை. டாக்டர் மறுபடி எழுதிக் கொடுத்ததை ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். அவர் மெலியக் கூடாது என்று எனக்கு அவ்வளவு அக்கறை. இரண்டையும் ஒப்பிட்டுச் சொல் என்று வகுப்பில் கேட்பேன். என்னைக் கேட்டால், ஒன்று அவரை உயிரோடு வைத்திருந்தது, மற்றது அவரை வீட்டில் வைத்திருந்தது.

கம்பெனிக்காரர்கள் அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டதாகச் செய்தி அனுப்பினார்கள். அன்று அவர் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றித் தரச் சொன்னார். நான் மாற்றினேன். அதைச் செய்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியவில்லை. போய் முழங்கால் போட்டேன். புருஷனிடம் பொய் சொன்னேன், சாமி என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகாமல் பின்னால் நின்றுவிட்டேன். இன்றுவரை போகவில்லை. புளிப்பு எதையும் வாயில் வைக்க முடிவதில்லை.

இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன் என்று வந்துவிட்டு இதை மறைக்கக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் அவரை மிஷினுக்குக் கூட்டிப்போவேன். திரும்பும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்குவார். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பதால் ஐஸ் கட்டியை என் கையால் வாயில் வைப்பேன். சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார். நான் வாழ்ந்தேன் என்று சொல்வதற்கு இந்த மாதங்கள்தான் இருக்கின்றன.

அப்போதுதான் ஆன் மேரி வந்தாள். அவருடைய தங்கை. புதுவயலில் ரைஸ் மில் ஆபீசில் வேலை, எப்போது வந்தாலும் புடவையில் தவிட்டு வாசம் அடிக்கும். வந்ததும் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து அவர் வாழைப்பழத்தைப் பிடுங்கித் தின்றாள்.

“நீதான் இதத் திங்கக் கூடாதுல்ல. நான் திங்கிறேன். அண்ணே, எங்கிட்ட ரெண்டு கிட்னி இருக்கு. ஒண்ண எடுத்துக்கிரு.”

“போடி கிறுக்கி. ஒனக்குப் பிள்ளைக இருக்கு.”

“ஒண்ணு போதுமாம். கேட்டுட்டுத்தான் வந்தேன். எங்க வீட்டுக்காரவுகளும் சரின்டாக. என்ன மதினி, பேசாம இருக்கீக? அண்ணன ஒங்க பக்கத்துலயே கட்டிப் போட்டு வச்சிக்கிறலாம்னு பாக்குறீகளா?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் எழுந்து காபி போடப் போனேன். திரும்பி வரும்போது அவர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியானால் ஒரு வருடத்தில் வந்துவிடலாமா, கிட்னி மாற்றியவர்களை எடுப்பீர்களா என்று கத்தாரில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பிப்ரவரிக்குப் பிறகு பார்க்கவே இல்லை.

பிறகு கிட்னி மாற்றுவதற்காக உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தோம், அன்றிலிருந்து மிஷினும் இங்கேதான். படிகங்களைப் பார்த்துவிட்டு, இது பரம்பரை நோயாக இருக்கலாம், அப்படியானால் தங்கையுடையதை வைக்க முடியாது, புதியதும் கெட்டுவிடும் என்றீர்கள். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். அவர் உடைந்துபோனார். ஆன் மேரி தன் பிள்ளைகளுக்கும் இருக்குமோ என்று தூங்காமல் கிடந்தாள். நான் நிம்மதியாக இருந்தேன். வாயைத் திறந்தால் அவர்கள் பயம் ஒரே நிமிடத்தில் தீரும் என்று தெரிந்தும் இருந்தேன். முடிவு வந்தது, பரம்பரை இல்லை என்று. ஆன் மேரி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அப்படியானால் இது வெளியில் இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றீர்கள்.

ஆம். வெளியில் இருந்துதான் வந்தது. என் கையில் இருந்து வந்தது. போன வாரம் வரைக்கும் கொடுத்தேன்.

ஏன் இன்று சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். மனச்சாட்சி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பெண்ணை நினைத்தால் என்னால் சாப்பிட முடியவில்லை. தன் உடம்பை அறுத்துக் கொடுக்கப் போகிறாள். அது எங்கே வந்து சேரப் போகிறது என்று யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டாமா? அது எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அத்தைக்கு மாத்திரை அட்டையில் உள்ள எழுத்தைப் படிக்கக் கண் தெரிவதில்லை. இவருக்கு அப்பளம் பொரிப்பதைத் தவிர எதுவும் வராது. சமைப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். இனிச் செய்ய மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சிறுநீர் திரும்ப வந்த நாளிலும் அப்படித்தான் நினைத்தேன். அவர் பெட்டியை எடுத்துத் துடைக்கிற நாளில் என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாதபோது, நீங்கள் எப்படி அந்தப் பெண்ணைக் கிழித்து எடுப்பீர்கள்?

அதனால் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க வேண்டாம். ஒரு வருடம் போகட்டும், முடிந்தால் அதற்கு மேலும் போகட்டும். மிஷின் இருக்கிறது, நான் இருக்கிறேன், ஒரு நாள் தவறாமல் கூட்டி வந்துவிடுவேன். போலீசுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். அவரை அடுத்த முறை யார் அழைத்து வருவார்கள், யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பதை மட்டும் அதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, டாக்டர். எனக்கு அவர் உடம்புதான் முக்கியம்.